பழைய காரை விற்கக் காத்திருக்கும் அன்பர்களுக்கு



புதிய கார் வாசலுக்கு வந்து, அதற்கு மாலையிட்டுச் சந்தனம் பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, சுற்றத்தாருக்கெல்லாம் இனிப்பும் வழங்கி முடித்த பிறகு, அத்தனை ஆண்டுகள் உங்கள் குடும்பத்தைச் சுமந்து திரிந்த பழைய கார் தெருவோரத்தில் உறை போர்த்தி நிற்கிறதே, அதைப் பற்றி உங்களோடு பேச வேண்டும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன். அதற்கு இன்னும் விலை படியவில்லை. வந்து பார்த்தவர்கள் குறைத்துக் கேட்டார்கள். இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த இடைவேளையில் அதன் இன்ஷூரன்ஸ் முடிகிற தேதி வந்துவிடுகிறது. கம்பெனியிலிருந்து வந்த செய்தியைப் பார்த்துவிட்டு, "விற்கப் போகிற வண்டிதானே, வாங்குகிறவர் போட்டுக்கொள்ளட்டும்" என்று நீங்கள் அதை ஒதுக்கிவிடுகிறீர்கள். அவ்வாறு ஒதுக்குவது எத்தனை பெரிய காரியம் என்பதை உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்ற எண்ணமே என்னை எழுதத் தூண்டியது.

மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில், பெரும்பாலும் அடிபட்டவர்களின் பக்கம் நின்று வழக்காடி வருகிறவன் நான். ஆகையால் உங்களை நான் சந்திக்கிற இடம் வேறு. "ஐயா, அந்த வண்டியை நான் எப்போதோ விற்றுவிட்டேனே, அது யாரிடம் இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியாதே" என்று கையில் சம்மனை வைத்துக்கொண்டு, தீர்ப்பாயத்தின் தாழ்வாரத்தில் கலங்கி நிற்கும் எதிர்மனுதாரராகவே உங்களை நான் அறிவேன். நீங்கள் நேர்மையானவர்கள் என்பதிலும், ஒருவருக்கும் தீங்கு நினைக்காதவர்கள் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் எதிர்ப்புறத்து விசுப்பலகையில், கால் ஒன்றை இழந்த கொத்தனாரோ, கணவனைப் பறிகொடுத்த பெண்ணோ அமர்ந்திருக்கையில், உங்கள் நேர்மை அவர்களுடைய அடுப்பை எரிய வைக்காது.

ஓடாத வண்டிக்கு எதற்கு இன்ஷூரன்ஸ் என்பதுதான் நீங்கள் எல்லோரும் சொல்லும் முதல் நியாயம். அந்த வண்டி ஓடுவதில்லை என்பது மெய்தானா என்று சற்று நிதானித்துப் பாருங்கள். பாட்டரி இறங்கிவிடாமல் இருக்க வாரத்திற்கு ஒருமுறை அதைத் தெருக்கோடி வரை எடுத்துச் செல்கிறீர்கள். விலை பேச வந்தவர், "ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா" என்று கேட்டு, அந்தக் காரின் பிரேக்கும் கிளட்சும் எப்படியென்று அறியாத புதிய கையோடு நெரிசலான சாலைக்குள் இறங்குகிறார். அவர் அழைத்து வந்த மெக்கானிக் இன்னொரு முறை ஓட்டுகிறார். புரோக்கர், "பார்ட்டி ஒருத்தர் காத்திருக்கார், காட்டிட்டு வந்துடறேன்" என்று சாவியை வாங்கிச் சென்று மாலை வரை திரும்புவதில்லை. புதிய காரைத் தொட அனுமதியில்லாத மகன், பழையதைத் தானே கேட்கிறான் என்று நீங்கள் இரங்க, அதை எடுத்துக்கொண்டு நண்பன் வீட்டிற்குப் போகிறான். விற்பனைக்கு நிற்கும் வாரங்களில் ஒரு கார் குறைந்த தூரமே ஓடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறைந்த தூரத்தை, அதன் வாழ்நாளிலேயே அதிகமான அந்நியர்களின் கைகளில் அது ஓடிக் கழிக்கிறது. சொந்தக்காரர் மட்டுமே ஓட்டிய பத்தாண்டுகளில் ஒழுங்காகப் பிரீமியம் கட்டிவிட்டு, ஊரார் ஓட்டும் பத்து வாரங்களில் அதை நிறுத்திவிடுவது எந்த விதத்தில் சிக்கனமாகும்?

நிற்கிற வண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சட்டம் பொது இடத்தில் வாகனத்தைப் 'பயன்படுத்துவதற்கு' இன்ஷூரன்ஸ் வேண்டும் என்கிறது; நிறுத்தி வைத்திருப்பது பயன்பாடாகாது என்று நீங்கள் வாதிக்கலாம். 1987-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தில், புணே–பெங்களூர் நெடுஞ்சாலையில், லாரியோடு மோதிய பெட்ரோல் டாங்கர் ஒன்று சாலையோரத்தில் கவிழ்ந்து கிடந்தது. கசிந்த பெட்ரோலைப் பிடித்துக்கொள்ள அக்கம்பக்கத்து மக்கள் கூடினார்கள். மோதி ஏறக்குறைய நான்கு மணி நேரம் கழித்து அது வெடித்துத் தீப்பற்றியதில் பலர் மாண்டார்கள். அசைவற்றுக் கிடந்த வண்டி எப்படிப் பயன்பாட்டில் இருந்ததாகும் என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1991-இல் அந்நீதிமன்றம், ஓடாமல் நிற்கும் வண்டியும், பழுதுபட்டுக் கிடக்கும் வண்டியும்கூட அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்று விரிந்த பொருள் கொண்டு தீர்ப்பளித்தது. உங்கள் சொந்த மதிற்சுவருக்குள் பூட்டி வைத்து, விற்று முடிகிற நாள் வரை வெளியே எடுப்பதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டவர்கள் உங்களில் எவரேனும் இருந்தால், அவர்களுக்கு என் மடலின் இந்தப் பகுதி வேண்டாம். வாசலில் இடமில்லாமல் தெருவில் நிறுத்தியிருக்கும் மற்ற அனைவரையும் அந்தத் தீர்ப்பு தொடுகிறது.

இனி, விற்றுவிட்டதாக நினைத்து நிம்மதியடைந்திருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பணம் கைக்கு வந்தது, சாவி கைமாறியது, டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்திட்டோம், ஆகவே என் பொறுப்பு அத்தோடு தீர்ந்தது என்பது உங்கள் சித்தாந்தம். இரண்டு மனிதருக்கு இடையே நடந்த விற்பனை என்ற அளவில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் சாலையில் அடிபட்டவனுக்கு உங்கள் டெலிவரி நோட்டு தெரியாது. அவனுக்குத் தெரிந்தது வண்டியின் எண் ஒன்றே. அந்த எண்ணைக் கொண்டு போய்ப் பார்த்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமையாளர். 2007-இல் விற்கப்பட்டு, பெயர் மாற்றமே இல்லாமல் அடுத்தடுத்துப் பல கைகள் மாறிய கார் ஒன்று, 2009 மே 27 அன்று பின்னோக்கி வந்தபோது ஒரு பெண்மணியையும் அவருடைய உறவினன் ஒருவனையும் மோதியது, அவன் இறந்துபோனான். கடைசியாக வண்டியை வைத்திருந்தவர் பொறுப்பா, ஏட்டில் பெயர் இருந்த முதல் சொந்தக்காரர் பொறுப்பா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்திற்கு வந்தபோது, 2018 பிப்ரவரி 6 அன்று நவீன் குமார் வழக்கில் அது கூறிய விடை, பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்பதாகும். விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள், பதிவு செய்யப்படாத விற்பனைகளின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகத் தேடி அலைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது என்பதே அதன் கருத்து.

பெயரை மாற்றிக்கொள்ள வாங்கியவருக்குச் சட்டம் கொடுக்கும் அவகாசம் முப்பது நாள் இருக்கிறதே, அதற்குள் விபத்து நடந்தால் என்ன என்று கேட்பீர்கள். அதையும் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. 2009 செப்டம்பரில் கார் ஒன்றை விற்றவர், அக்டோபரில், அந்த முப்பது நாள் முடிவதற்குள்ளேயே அது விபத்துக்குள்ளானபோது இதே வாதத்தை எழுப்பினார்; 2018-இன் இறுதியில் உச்ச நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை. விற்பனை செல்லும், எனினும் மூன்றாம் மனிதருக்குப் பதில் சொல்லும் கடமை ஏட்டில் பெயர் உள்ளவரையே சேரும் என்றது.

மற்றொரு வழக்கை, இவற்றைக் காட்டிலும் முக்கியமாக, உங்கள் கவனத்திற்குக் கொண்டுவர ஆசைப்படுகிறேன். ஏனெனில் என் வேண்டுகோளின் முழு நியாயமும் அதில் அடங்கியிருக்கிறது. 1993-இல் தம் லாரியை விற்ற ஒருவர் பெயர் மாற்றத்தைக் கவனிக்கவில்லை. 1994-இல் அந்த லாரி விபத்துக்குள்ளாகி உயிர்கள் போயின. ஆனால் அந்த விபத்து நடந்த நாளில், பழைய சொந்தக்காரரின் பெயரிலேயே எடுக்கப்பட்ட இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்று உயிரோடு இருந்தது. விற்றவர்க்கும் அந்த லாரிக்கும் தொடர்பே இல்லை, ஆகையால் எங்களுக்கும் பொறுப்பில்லை என்று கம்பெனி வாதித்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம், ஏட்டின்படி அவரே இன்னும் உரிமையாளர், அவர் பொறுப்பு என்றால் அவருக்குக் காப்பளித்த கம்பெனியும் பொறுப்பு என்று முடிவு கட்டி, நஷ்டஈட்டைக் கம்பெனியே கொடுக்கும்படி செய்தது. நவீன் குமார் வழக்கின் முதல் சொந்தக்காரர், இந்த லாரியின் பழைய சொந்தக்காரர், இருவரும் ஒரே விதமான அசிரத்தையோடு பெயர் மாற்றத்தை விட்டுவிட்டவர்கள், ஒருவர் தம் கையிலிருந்து கொடுக்கக் கடமைப்பட்டார், மற்றொருவருக்காகக் கம்பெனி கொடுத்தது. முடிவை மாற்றியது தேதி தவறாத ஒரு பாலிசிதான்.

இவ்வளவு தெளிவான விஷயத்தில் நீங்கள் ஏன் தவறிவிடுகிறீர்கள் என்று யோசித்துப் பார்த்தால், குறையை உங்கள் மீது மட்டும் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. புதிய காரை விற்கிற இடத்தில் உங்களுக்குச் சொல்லப்படுவது என்ன? "சார், பழைய வண்டியில இருக்கிற நோ கிளெய்ம் போனஸைப் புதுசுக்கு மாத்திடலாம், நல்ல தொகை மிச்சம், பழசை அப்படியே விட்டுடுங்க" என்பதுதான். இழப்பீடு கோராமல் வண்டி ஓட்டிய ஆண்டுகளுக்காக 20 சதவிகிதத்தில் தொடங்கி 50 சதவிகிதம் வரை வளரும் அந்தச் சலுகை, வண்டிக்கு உரியதன்று, உங்களுக்கு உரியது. ஆகவே அதைப் புதிய காருக்குக் கொண்டுபோக உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. அதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அந்தச் சலுகை உங்கள் சொந்த வண்டிக்கு வரும் சேதத்திற்கான பிரீமியத்தில் மட்டுமே கழிக்கப்படுவது. பிறருக்கு நேரும் தீங்கிற்கான தேர்டு பார்ட்டி பிரீமியத்தில் அது ஒரு காசும் குறைப்பதில்லை. ஆகவே போனஸ் புதிய காருக்குப் போய்விட்டதனால் பழைய காரின் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸுக்கு முடிவு வந்துவிட்டது என்பது ஆதாரமற்ற எண்ணம். விற்பவர்கள் இதை உங்களுக்கு விளக்குவதில்லை. அவர்களுடைய அவசரம் அன்று மாலைக்குள் ஒரு வண்டியை வெளியேற்றுவது.

இதைவிட வருத்தம் தரும் ஒரு வழக்கமும் இருக்கிறது. போனஸை மாற்றுவதற்குப் பழைய கார் விற்கப்பட்டது என்பதற்கான சான்று கேட்கப்படும் என்பதால், இன்னும் உங்கள் வாசலில் நிற்கிற காரை விற்றுவிட்டதாகக் காட்டி, ஒரு டெலிவரி நோட்டையும் பெயர் மாற்றத்திற்கான 29, 30-ஆம் எண் படிவங்களையும் தயாரித்து, உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் செய்வதுதான் என்று சொல்லி உங்கள் தயக்கத்தைப் போக்கிவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்தின் பலன் என்னவென்று எண்ணிப் பார்த்தீர்களா? விற்றுவிட்டதாக எழுதிக் கொடுத்த காரை, உங்கள் பெயரில் மறுபடி புதுப்பிக்க உங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. அதனால் புதுப்பிக்காமல் விடுகிறீர்கள். வாங்குகிறவரோ இன்னும் பிறக்கவில்லை. எந்தக் கம்பெனியின் காப்பும் இல்லாமல், எழுத்தில் ஒருவரும் உரிமை கொண்டாடாமல், ஆனால் ஏட்டில் உங்கள் பெயரைத் தாங்கியபடி அந்தக் கார் தெருவில் நிற்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்காக உங்களை அந்த நிலையில் நிறுத்துகிறவர்கள் உங்களுக்கு உபகாரம் செய்தவர்கள் ஆவார்களா? பழைய காரை இன்னும் விற்கவில்லை என்று கம்பெனியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு வண்டிகளுக்கு அந்தப் போனஸ் கிடையாது. எனவே பழையதில் கழிக்கப்பட்ட சலுகைத் தொகையைத் திரும்பக் கட்டச் சொன்னால் கட்டிவிட்டுப் புதியதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். அல்லது கார் விலை போகிற வரை பொறுத்து, போனஸை ஒதுக்கி வைத்ததற்கான கடிதத்தைக் கம்பெனியிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; அது மூன்றாண்டுகள் செல்லும். மாறாக, பழைய பாலிசி காலாவதியாகித் தொண்ணூறு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டீர்களானால், நீங்கள் பேணிக் காத்த அந்தப் போனஸே கைநழுவிப் போகக்கூடும்.

இரண்டு காருக்கும் சேர்த்துப் பணம் கட்டுவது பாரமாயிற்றே என்ற உங்கள் குரலும் எனக்குக் கேட்கிறது. அது உண்மையான பாரம் என்பதால் அதைச் சற்று விரித்துப் பேசுவோம். உங்கள் பழைய காருக்குப் பூரண பாலிசி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த விகிதப்படி, ஆயிரம் சி.சி.க்கு மேற்படாத சொந்த உபயோகக் காருக்குத் தேர்டு பார்ட்டி பிரீமியம் ஆண்டிற்கு 2,094 ரூபாய். ஆயிரத்திற்கு மேல் ஆயிரத்து ஐந்நூறு சி.சி. வரை 3,416 ரூபாய், வரி தனி. சொந்தக்காரர் தாமே ஓட்டுகையில் இறந்தால் குடும்பத்திற்குக் கிடைக்கும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு ஒருவருக்கு ஒன்று இருந்தால் போதும். புதிய காரோடு அதை எடுத்திருந்தால் பழையதற்கு மீண்டும் எடுக்க வேண்டியதில்லை. நாலு சக்கரங்களுக்கு டயர் மாற்றினால், விலை கூடுதலாகப் போகும் என்று நம்பி அதற்குப் பன்மடங்கு செலவிடுகிறீர்கள். வண்டிக்குப் பாலிஷ் போட்டு இருக்கைக்கு உறை மாற்றுகிறீர்கள். அந்தச் செலவுக்கெல்லாம் இடம் இருக்கிற கணக்கில் இந்தத் தொகைக்கு இடமில்லாமல் போய்விடுமா?

சொந்தச் சேதத்திற்கான பகுதியை வைத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருப்பவர்கள் பெருவெள்ளம் வந்த 2015 டிசம்பரையும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரையும் நினைவில் கொண்டு அந்த முடிவைச் செய்யுங்கள். அடுக்குமாடிக் கட்டடங்களின் தரைத்தளத்தில் நின்ற கார்கள் மூழ்கியபோது, தண்ணீர் பழையது புதியது என்று பார்க்கவில்லை. மழைக்காலத்தில் விற்பனைக்கு நிற்கும் கார் மூழ்கினால், தேர்டு பார்ட்டி பாலிசியிலிருந்து உங்களுக்கு ஒன்றும் வராது. நீங்கள் எதிர்பார்த்திருந்த விலையும் கிடைக்காது. காரின் மதிப்பு அற்பமானால் அந்தத் துணிவை ஏற்றுக்கொள்ளலாம். லட்சக்கணக்கில் விலை எதிர்பார்ப்பவர்கள் அவ்வாறு துணிவது விவேகமன்று.

பிறருக்குரிய காப்பு அப்படிப்பட்ட விருப்பத்திற்கு விடப்பட்ட காரியமே அன்று. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே எழுதப்பட்டு, 1946 ஜூலை 1 முதல் இந்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட ஏற்பாடு அது. மோட்டார் வண்டிகள் ஒரு சில தனவந்தர்களுக்கு மட்டுமே இருந்த அந்தக் காலத்திலேயே, வண்டி வைத்திருப்பவனின் சௌகரியத்திற்காகச் சாலையில் நடப்பவன் அநாதையாகிவிடக் கூடாது என்று சட்டம் இயற்றியவர்கள் கருதினார்கள். நம் காலத்தில், கோவையைச் சேர்ந்த எலும்புச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளில் சிதைந்து வரும் உடல்களைக் கண்டு மனம் பொறாமல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாகத்தான், 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டுத் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் விற்பனையின்போதே சேர்ந்து வருகிறது. பலர் பிரீமியத்தை முதலாண்டிற்குப் பிறகு கட்டுவதில்லை என்பதனால் வந்த ஏற்பாடு அது. அதன் நன்மையைப் புதிய காரில் அனுபவிக்கும் நீங்கள், 'நம் வீட்டில் இன்ஷூரன்ஸ் மூன்றாண்டுக்கு இருக்கிறது' என்ற நிம்மதியில், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய பழைய காரை மறந்துவிடுவது அந்த முயற்சியின் நோக்கத்தையே குலைப்பதாகும்.

அடிபட்டவரின் நிலையை நினைத்துப் பாருங்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன். செல்லுபடியாகும் பாலிசி இருக்குமானால், தீர்ப்பாயம் விதிக்கும் தொகை தாமதமானாலும் வந்து சேர்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பெண் தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறாள். பாலிசி இல்லையானால், அதே தீர்ப்பு உங்கள் மீது மட்டும் வருகிறது. அதை நிறைவேற்ற மனுப் போட்டு, உங்கள் சொத்தைத் தேடி, ஜப்தி கேட்டு, நீங்கள் மேல்முறையீடு செய்ய, ஆண்டுகள் கழிகின்றன. கையிலுள்ள தீர்ப்பு நகல் பழுப்பேறிப்போன பிறகும் ஒரு ரூபாய் பெறாதவர்கள் என்னிடம் வந்து, "இன்னும் எவ்வளவு நாள் ஆகும் ஐயா" என்று கேட்கையில், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் வார்த்தையில்லை. உங்கள் குடும்பமும் அந்த ஆண்டுகளில் சுகமாக இருப்பதில்லை. ஓய்வுக்காலச் சேமிப்பும், கடன் வாங்கிக் கட்டிய வீடும் கேள்விக்குள்ளாகி நிற்கும் மனிதரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். இன்ஷூரன்ஸ் இல்லாத வாகனம் விபத்தில் சிக்கினால் அதை விடுவிக்காமல் வைத்திருந்து, ஏலத்தில் விற்று, தொகையைத் தீர்ப்பாயத்தில் செலுத்தும்படி மாநிலங்கள் விதி செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் பணித்திருக்கிறது. பழைய கார் ஒன்றின் ஏல விலை, இறந்த ஓர் உழைப்பாளியின் வாழ்நாள் வருமானத்திற்கு எந்த மூலைக்குப் போதும்? முதல் தடவை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை என்பதையெல்லாம் நான் இங்கே பெரிதாகச் சொல்லவில்லை. அந்தப் பயத்தினால் மட்டும் செய்யப்பட வேண்டிய காரியம் அன்று இது.

விற்பனை முடிகிற நாளில் நீங்கள் காட்ட வேண்டிய சிரத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாங்குபவரின் பெயரும் தேதியும் இல்லாத வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிடும் பழக்கத்தை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள். அந்தத் தாள்கள் ஒரு கடையிலிருந்து மறு கடைக்கு, ஓர் ஊரிலிருந்து மறு ஊருக்குப் போகும். கார் மாறிக்கொண்டே இருக்கும், உங்கள் பெயர் மாறாது. 2022 அக்டோபர் 23 அன்று கோவை உக்கடத்தில், கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே வெடித்துச் சிதறிய காரும் பல கைகள் மாறிய பழைய கார்தான். யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று காவல்துறையினர் ஒவ்வொரு கையாகத் தேடிப் போக வேண்டியிருந்தது. பழைய கார் வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்றும், அவர்களிடம் ஒப்படைத்த காரைப் பற்றி முறைப்படி தகவல் பதிந்தால் அதன் பொறுப்பு வியாபாரியைச் சேரும் என்றும் 2023 ஏப்ரல் 1 முதல் விதி வந்திருக்கிறது. ஆகவே எக்ஸ்சேஞ்சில் பழைய காரைக் கொடுக்கிறவர்கள், அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்டு, ஒப்படைப்பைப் பதிந்ததற்கான அத்தாட்சியைக் கையில் வாங்காமல் திரும்பாதீர்கள். கேட்பது உங்கள் உரிமை; முகம் சுளிக்கும் வியாபாரியிடம் காரைக் கொடுக்க வேண்டிய அவசியமும் உங்களுக்கு இல்லை.

தனி மனிதருக்கு விற்றால், 29-ஆம் எண் படிவத்தில் விற்பனைத் தகவலை மாநிலத்திற்குள்ளான விற்பனையானால் பதினான்கு நாளுக்குள் நீங்களே பதிவு அதிகாரிக்குத் தெரிவியுங்கள். அது வாங்கியவரின் வேலை என்று இருந்துவிடாதீர்கள். கடன் இருந்த காரானால் வங்கியின் பாத்தியதையை முன்னதாகவே நீக்கிவிடுங்கள். வாங்கியவரிடம் ஒன்றை மனம் திறந்து சொல்லுங்கள்: காரோடு பாலிசியையும் ஒப்படைக்கும்போது தேர்டு பார்ட்டி காப்பு சட்டப்படி அவருக்கு மாறிவிட்டதாகவே கருதப்படும், ஆனால் சொந்தச் சேதத்திற்கான காப்பு அப்படித் தானாக மாறாது, 1995-இலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது, ஆகையால் பதினான்கு நாளுக்குள் அவர் கம்பெனிக்கு விண்ணப்பித்துப் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லாமல், 'ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கிறது' என்று விலையை ஏற்றி விற்பது, அவர் அறியாமையைக் கொண்டு ஆதாயம் அடைவதாகும்.

அன்பர்களே, உங்களிடம் நான் கேட்பது இவ்வளவே. ஆர்.சி.யில் வேறொருவர் பெயர் ஏறிவிட்டதை நீங்களே அரசின் பரிவாகன் இணையதளத்தில் எண்ணைப் போட்டுக் கண்ணால் பார்க்கும் வரை, அந்தக் காரின் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் ஒரு நாளும் அறுந்துபோக விடாதீர்கள். ஓட்டிப் பார்க்க வருகிறவரிடம் லைசென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, நீங்களும் பக்கத்து இருக்கையில் அமருங்கள். விற்காத காரை விற்றதாக எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். இந்த மடலை வாசித்து முடித்ததும், பழைய காரின் பாலிசியை எடுத்து முடிவுத் தேதியைப் பாருங்கள். தேதி கடந்து போயிருந்தால், புதுப்பித்த தாள் கைக்கு வரும் வரை அந்தக் காரின் சாவியை உங்கள் மகன் உட்பட ஒருவரிடமும் கொடுக்காதீர்கள்.

இங்ஙனம்,
விபத்து வழக்குகளில் வாதாடி வரும் ஒரு வழக்கறிஞன்